வீட்டுக்கு வீடு போகும் நேரம் யாருடைய நேரம்?

புதுச்சேரியின் அரியாங்குப்பத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து 38 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ அவர் வேலை செய்யும் நிறுவனத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

வீடுகளுக்கும் சுற்றுலாப் பயணிகள் தங்கும் வாடகை இல்லங்களுக்கும் துப்புரவுப் பணிக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் அவர் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். அவரோடு சேர்த்து 14 பெண்கள். காலை 7 மணிக்கு முத்தியால்பேட்டையில் உள்ள அலுவலகத்துக்குச் சென்று, மாப்பு, ஃபினாயில், துடைக்கும் துணி, அன்றைய வீடுகளின் சாவி ஆகியவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு தன் சொந்த ஸ்கூட்டரில் லாஸ்பேட்டையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் 2 மணி நேரம், ஒயிட் டவுனில் ஒரு தங்கும் இல்லத்தில் இரண்டரை மணி நேரம், அங்கிருந்து குயிலாப்பாளையத்தில் 2 மணி நேரம் என்று வேலை முடித்து, மாலை 5 மணிக்குச் சாவிகளைத் திருப்பிக் கொடுக்க மீண்டும் அலுவலகத்துக்கு வர வேண்டும். கூலி மணிக்கு 80 ரூபாய். வீட்டுக்குள் இருந்த ஆறரை மணி நேரத்துக்கு மட்டும் 520 ரூபாய் கணக்காகிறது. பெட்ரோலுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 80 ரூபாய் அவருடைய கைக்காசு. வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த மணிக்கணக்கு இல்லாமல் போகிறது. பத்து நிமிடம் தாமதமானால் 200 ரூபாய் பிடிக்கப்படுகிறது. சீருடைக்கும் பொருள்களுக்குமாகச் சேரும்போதே 3,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள்.

மூன்று மாதங்களுக்கு முன் உடன் வேலை செய்யும் ஒருவர், இரண்டாவது வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். “நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல, சுயதொழில் செய்யும் பங்காளர்” என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது. அதற்குப் பிறகு, முத்திரைத்தாளில் புதிதாக ஓர் ஒப்பந்தம் தயாரித்து, இந்த மாத இறுதிக்குள் அனைவரும் கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள். அதில், தாங்கள் சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள் என்றும், பயண நேரத்துக்கோ விபத்துக்கோ எதையும் கோர மாட்டோம் என்றும், விலகிய பின் நிறுவனத்தின் வாடிக்கையாளரிடம் நேரடியாக வேலை செய்தால் 25,000 ரூபாய் கட்டுவோம் என்றும் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா, போடாவிட்டால் வேலை போய்விடுமா, இதுவரை ஓடிய ஓட்டத்துக்கு ஏதாவது கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். “லண்டனில் இதே வேலை செய்யும் என் அண்ணன் மகளுக்கு வழிப்பயணத்துக்கும் சம்பளம் உண்டாம், இங்கே மட்டும் ஏன் இல்லை?” என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு ஒரு மாதக் கணக்கையும் நோட்டிலிருந்து படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். அதை வைத்து முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டேன். காலை 7 முதல் மாலை 5 வரை 10 மணி நேரம். கிடைத்த 520 ரூபாயில் பெட்ரோல் 80 போக மீதி 440. ஆக, மணிக்கு 80 ரூபாய் என்று பேசப்பட்ட கூலி உண்மையில் மணிக்கு 44 ரூபாய்தான். மதியச் சாப்பாட்டைக் கூட வண்டியை மரத்தடியில் நிறுத்திப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். எனவே ஓய்வு நேரம் என்று கழிப்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. இந்த 44 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பயண நேரத்திலிருந்து தொடங்குகிறீர்கள். சட்டத்தின் பார்வையில் அதற்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: நீங்கள் அந்த நிறுவனத்தின் தொழிலாளியா, இல்லையா? தொழிலாளி என்று நிலைநாட்டப்பட்டால் பயண நேரத்தைப் பற்றி வாதாட இடமுண்டு. சுயதொழில் செய்பவர் என்று முடிவானால், எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் அது உங்கள் தொழிலின் செலவு என்றே சொல்லிவிடுவார்கள். நிறுவனம் விபத்துக்குப் பிறகு அவசரமாகப் புதிய தாளை நீட்டுவதற்குக் காரணமும் இதுதான்.

தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது முடிவல்ல

“சேரும்போதே சுயதொழில் பங்காளர் என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி நான் எப்படி ஊழியர் என்று சொல்ல முடியும்” என்று வருந்தியிருக்கிறீர்கள். அந்த வருத்தம் தேவையில்லை. ஒருவருக்குச் சூட்டப்பட்ட பெயரைவிட, வேலை எப்படி நடக்கிறது என்பதையே நீதிமன்றங்கள் பார்த்து வந்திருக்கின்றன. இது இன்று நேற்று வந்த கொள்கையும் அல்ல.

குஜராத்தின் உப்பளங்களில் வேலை செய்த அகரியாக்கள் என்ற உப்புத் தொழிலாளர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1956-இல் தீர்ப்பளித்தது. மரக்காணம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி அந்நியமானதல்ல. ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி; விளைந்த உப்பின் அளவுக்குத்தான் கூலி; வருகைப் பதிவேடு கிடையாது; இத்தனை மணிக்கு வா, போ என்று நேரம் கிடையாது; குடும்பத்தாரையும் வேறு ஆள்களையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இத்தனை சுதந்திரம் இருந்தும், பருவம் தொடங்கியது முதல் உப்பு எடுக்கும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனியின் மேற்பார்வை இருந்தது, அவர்கள் தாங்களே இறங்கி உழைத்தார்கள் என்ற காரணங்களால் அவர்கள் தொழிலாளர்களே என்று முடிவாயிற்று. பின்னர் 1973-இல், சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், தைத்த துணிக்கு ஏற்பக் கூலி வாங்கி, விரும்பிய நேரத்தில் வந்து போய், சில சமயம் துணியை வீட்டுக்கே எடுத்துச் சென்று தைத்த தையற்காரர்களும் ஊழியர்களே என்றது அதே நீதிமன்றம். தைத்தது சரியில்லை என்றால் மறுத்து, மீண்டும் தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரரிடம் இருந்ததை அது முக்கியமாகக் கருதியது.

உங்கள் நிலையை இவற்றோடு வைத்துப் பாருங்கள். எந்த வீடு, எத்தனை மணிக்கு, எந்த வரிசையில் என்பதை முந்தைய நாள் இரவு வாட்ஸ்அப் குழுவில் சூப்பர்வைசர் போடுகிறார். வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்குவது என்பதை நிறுவனம் முடிவு செய்கிறது. அந்தத் தொகை என்னவென்றே உங்களுக்குத் தெரியாது. பொருள்கள் அவர்களுடையவை, சீருடை அவர்களுடையது. வேலைக்கு முன்னும் பின்னும் குளியலறையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். பிடிக்காவிட்டால் திரும்பச் செய்ய வேண்டும். சுயமாகத் தொழில் நடத்துகிற ஒருவர் விலையைத் தானே பேசுவார், லாபமோ நட்டமோ அவருக்குரியது. உங்களுக்கு லாபம் என்று ஒன்று வரவே வழியில்லை, பெட்ரோல் என்ற நட்டம் மட்டும் இருக்கிறது.

உங்களுக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவையும் உண்டு. அவற்றை மறைப்பது என் வேலையல்ல. வண்டி உங்களுடையது. இரண்டு முறை வேலையை மறுத்திருக்கிறீர்கள். நான்கு நாள்கள் உங்களுக்குப் பதிலாக நாத்தனாரை அனுப்பியிருக்கிறீர்கள். நிறுவனத்தின் வழக்குரைஞர் இந்த நாத்தனார் விஷயத்தைத்தான் முதலில் கையில் எடுப்பார். ஆனால் அவரை அனுப்பும் முன் சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டு, அவர் சரி என்று பதில் போட்ட பிறகே அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்பதே நீங்கள் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தீர்கள் என்பதைக் காட்டும். துணைக்கு ஆள் வைத்துக்கொண்ட அகரியாக்களே தொழிலாளர்களாக ஏற்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். இரண்டு முறை மறுத்ததற்கு அடுத்த வாரம் வேலை தராமல் உட்கார வைத்தார்கள் என்ற உங்கள் வரி, மறுக்கும் சுதந்திரம் எவ்வளவு என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறது.

கூலியில் 1 சதவீதம் வருமான வரி பிடிக்கிறார்கள், அது ஒப்பந்தக்காரருக்குப் பிடிப்பது, ஆகவே நான் ஒப்பந்தக்காரர்தானே என்று ஒரு சந்தேகம் எழுப்பியிருந்தீர்கள். பிடித்தவர் எந்தத் தலைப்பில் பிடித்தார் என்பது அவருடைய கணக்கு. அது உங்கள் நிலையைத் தீர்மானிக்காது. வரிக் கணக்குத் தாக்கல் செய்து அந்தத் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். “கிக் தொழிலாளர்” என்று சூப்பர்வைசர் சொன்னதும் இதே ரகம்தான். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அந்தச் சொல், வழக்கமான முதலாளி, தொழிலாளி உறவுக்கு வெளியே நின்று உழைப்பவரைக் குறிக்கிறது. உறவு வெளியே நிற்கிறதா, உள்ளே நிற்கிறதா என்பதைச் சூப்பர்வைசர் முடிவு செய்ய முடியாது.

நியமனக் கடிதம் இல்லை என்பதும் தடையல்ல. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு, வேலை நிபந்தனைகள் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தாலும் நடைமுறையிலிருந்து உணரப்படுவதாக இருந்தாலும் ஊழியர் ஊழியரே என்று வரையறுக்கிறது. பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக வந்த இவை உள்ளிட்ட நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனம் நியமனக் கடிதம் கொடுப்பது இப்போது அதன் கடமை. கொடுக்காதது அவர்களுடைய தவறு.

பயண நேரம்: லண்டன் விதியும் நம் விதியும்

உங்கள் அண்ணன் மகள் சொன்னது உண்மை, ஆனால் முழுமையானதல்ல. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு தேசியக் குறைந்தபட்சக் கூலி விதிகளின்படி, ஒரு பணியிடத்திலிருந்து அடுத்த பணியிடத்துக்குப் போகும் நேரம் குறைந்தபட்சக் கூலிக்கான வேலை நேரக் கணக்கில் சேரும். வீட்டிலிருந்து முதல் இடத்துக்குப் போவதும், கடைசி இடத்திலிருந்து வீடு திரும்புவதும் பொதுவாக அங்கேயும் சேராது.

நம் நாட்டில் துப்புரவுப் பணிக்கு இப்படி நேராக எழுதிவைத்த ஒரு விதி இல்லை. பயண நேரத்துக்குக் கூலி என்பது தானாகவே கிடைத்துவிடும் உரிமை என்று எண்ணி அலுவலகப் படியேறினால் ஏமாற்றமே மிஞ்சும். அதேசமயம் வெறுங்கையோடு நிற்கவும் தேவையில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளி முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டிருக்கும் நேரமே வேலை நேரம் என்று சொன்னது. அது பேருந்து, லாரித் தொழிலாளர்களுக்கான சட்டம். இப்போது புதிய தொகுப்பில் கரைந்தும் விட்டது. இருந்தாலும் அந்தக் கருத்தை உங்கள் வழக்கில் எடுத்து வைக்கலாம். ஒன்பதரை மணிக்கு லாஸ்பேட்டையை விட்டுக் கிளம்பி, வழியில் போக்குவரத்து நெரிசலில் சிக்கி, பத்தரைக்குள் ஒயிட் டவுனில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் 200 ரூபாய் அபராதம் என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் உங்கள் விருப்பப்படி எதையும் செய்ய முடியாது. நிறுவனத்தின் மாப்பையும் அடுத்த வீட்டின் சாவியையும் சுமந்துகொண்டு போகிறீர்கள். தாமதத்துக்கு அபராதம் போடும் ஒருவர், அந்த நேரம் என்னுடையதல்ல என்று சொல்வது எடுபடாது.

அரியாங்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டை வரை வருவதையும் மாலையில் வீடு திரும்புவதையும் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். அது எல்லாத் தொழிலாளரும் வேலைக்குப் போய் வரும் பயணம். அதைச் சேர்த்துக் கேட்டால், நியாயமான பகுதியும் மிகைப்படுத்தியதாகத் தோன்றும். காலை 7 மணிக்கு அலுவலக வாசலில் உங்கள் கணக்கைத் தொடங்குங்கள், மாலை 5 மணிக்குச் சாவியைக் கொடுத்ததும் முடித்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்குக் கூலி என்று கேட்காதீர்கள், நாளுக்குக் கூலி என்று கேளுங்கள்

இதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். பயணம் என்ற சொல்லைத் தலைப்பில் வைத்தால், அது வேலை நேரமா இல்லையா என்ற வாதத்திலேயே ஒரு வருடம் ஓடிவிடும். ஊதியச் சட்டத்தொகுப்பின் 10-ஆம் பிரிவில் வேறொரு வழி இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து வந்த பழைய ஏற்பாடு அது. குறைந்தபட்சக் கூலி நாள் கணக்கில் நிர்ணயிக்கப்பட்டிருக்கும் வேலையில், ஒரு தொழிலாளி அன்று முழு வேலை நேரத்துக்குக் குறைவாக வேலை செய்திருந்தாலும், அதற்குக் காரணம் அவருடைய விருப்பமின்மை அல்ல, முதலாளி வேலை கொடுக்காததுதான் என்றால், முழு நாள் கூலிக்கு அவர் உரியவர். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னதால் மூன்று வீட்டில் ஒன்று குறைந்துபோன நாள்களுக்கு இது அப்படியே பொருந்தும். நீங்கள் பகுதிநேர வேலைக்காரர் என்று அவர்கள் சொல்லலாம். காலை 7 முதல் மாலை 5 வரை வேறு எந்த வேலைக்கும் போக முடியாதபடி கட்டிவைத்துவிட்டுப் பகுதிநேரம் என்று சொல்வது எளிதல்ல.

காந்தி நகரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில், உங்கள் வகைப் பணிக்குப் புதுச்சேரி அரசு அறிவித்துள்ள, இப்போது நடப்பில் இருக்கும் நாள் கூலியைக் கேட்டு வாங்குங்கள். பழைய சட்டத்தின் கீழ் வந்த அறிவிக்கைகளும் மாற்றப்படும் வரை செல்லும். அந்தத் தொகை 520-ஐவிட அதிகமாக இருந்தால், இடைவெளித் தொகை முழுவதும் ஒவ்வொரு நாளுக்கும் பாக்கி. 520-ஐவிடக் குறைவாக இருந்தால் அந்த வகையில் பாக்கி எழாது; சட்டம் கட்டாயப்படுத்துவது தரைமட்டத்தைத்தான். ஆனால் அப்போதும் வழக்கமான வேலை நேரத்தைத் தாண்டிய நேரத்துக்கு இரு மடங்குக் கூலி என்ற கோரிக்கை இருக்கும், பயண நேரத்தைப் பற்றிய வாதம் அங்கே உதவும். இரண்டில் எது பெரிது என்று கணக்குப் பார்த்த பிறகு மனு எழுதுங்கள்.

இதைத் தவிர, பயண விவாதத்தோடு சம்பந்தமில்லாமலே உங்கள் பக்கம் உறுதியாக நிற்கும் சில தொகைகள் உள்ளன. அபராதம் என்பதை அரசின் ஒப்புதல் பெற்று அறிவித்த செயல்களுக்கு மட்டுமே, விளக்கம் கேட்ட பிறகே விதிக்கலாம். எந்தச் சம்பளக் காலத்திலும் அது கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் கூலிக்கு அது மாதம் ஏறக்குறைய 400 ரூபாய். நீங்கள் அனுப்பிய மாதத்தில் ஐந்து முறை பிடித்து 1,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். சீருடைக்காக வாங்கிய 3,000 ரூபாயையும் கேட்கலாம், ஏனென்றால் ஊழியர் முதலாளிக்குக் கொடுக்கும் பணத்தைக் கூலியிலிருந்து செய்த பிடித்தமாகவே சட்டம் பார்க்கிறது.

எங்கே, எப்படிக் கேட்பது

ஊதியச் சட்டத்தொகுப்பின் 45-ஆம் பிரிவின்படி, குறைத்துக் கொடுத்த கூலியையும் முறையற்ற பிடித்தத்தையும் கேட்டு அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மனுச் செய்யலாம். நீங்களே செய்யலாம், பதிவு பெற்ற தொழிற்சங்கம் மூலமாகவும் செய்யலாம், 14 பேரும் சேர்ந்து ஒரே மனுவாகவும் கொடுக்கலாம். பாக்கித் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அந்த அதிகாரிக்கு உரிமை உண்டு. பத்து மடங்கு என்பது உச்சவரம்பு, கிடைத்தே தீரும் தொகையல்ல. கோருவதற்கான கெடு மூன்று ஆண்டுகள். ஆனால் பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் கெடு ஆறு மாதம்தான், தகுந்த காரணம் காட்டினால் மட்டுமே தாமதம் மன்னிக்கப்படும். எனவே 2025 நவம்பர் 21-க்கு முந்தைய பாக்கியைத் தனியாகவும் பிந்தையதைத் தனியாகவும் கணக்கிட்டு எழுதுங்கள், எதிர்த்தரப்பு கெடுவைக் காட்டி முழு மனுவையும் தட்டிவிட இடம் கொடுக்காதீர்கள்.

கூலி கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அதனால் உங்கள் கையில் எதுவும் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் அவரிடம் வேலை செய்தீர்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். அந்த வாட்ஸ்அப் குழு உங்களுக்குக் கிடைத்த பெரிய சாட்சி. குழுவிலிருந்து நீக்கும் முன், உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். போனின் கூகுள் மேப் பயணப் பதிவு, வேலைக்கு முன்பின் எடுத்த படங்கள், கணக்கில் வந்த பணப் பரிமாற்றங்கள், சீருடையோடு நீங்கள் நிற்கும் படம், பெட்ரோல் பங்க் ரசீதுகள் என எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சேருங்கள். போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது உரிய சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக் கருவி உங்களிடம் இருப்பது நல்லது. நீங்கள் தினமும் எழுதிவரும் அந்த நோட்டை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், படம் எடுத்துக் கொடுங்கள்.

ஒரு சிறு சிக்கல் உண்டு. ஒயிட் டவுன் புதுச்சேரியில் இருக்கிறது, குயிலாப்பாளையம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைக்கல் எது என்று பார்க்காமலேயே நாம் கடந்து போகும் ஊர் இது. வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்புக்கு அந்தக் கல் திடீரென்று கண்ணில் படும். அலுவலகம், கூலி கொடுக்கும் இடம், உத்தரவு பிறக்கும் இடம், நாள் தொடங்கி முடியும் இடம் எல்லாம் முத்தியால்பேட்டைதான் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதி, புதுச்சேரி அதிகாரியிடமே கொடுங்கள்.

பெண் என்ற முறையிலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் கீழ் இலவசமாக வழக்குரைஞர் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் வழிகாட்டுவார்கள்.

வேலை போய்விடுமா?

போகலாம் என்பதே நேர்மையான பதில். சட்டம் உங்கள் பக்கம் இருப்பதால் மட்டும் நாளைக்கு உங்கள் பெயர் பட்டியலில் வரும் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் கடந்த 12 மாதங்களில் 240 நாள்கள் வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பாக நிறுத்த வேண்டுமானால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான கூலியோ கொடுப்பதோடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் கொடுத்தாக வேண்டும். பழிவாங்கலாக நிறுத்தினால் அதைத் தனித் தகராறாகச் சமரச அதிகாரியிடம் கொண்டு போகலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 14 பேரில் குறைந்தது ஏழெட்டுப் பேராவது சேர்ந்து கேட்டால், ஒருவரை மட்டும் தனிமைப்படுத்துவது நிறுவனத்துக்குக் கடினம். சுற்றுலாப் பயணிகள் நிரம்பி வழியும் டிசம்பரில் 14 பேரையும் ஒரே நாளில் மாற்ற அவர்களாலும் முடியாது. இது சட்டமல்ல, வியாபாரம்.

வெளியே வந்து அதே வீடுகளில் நேரடியாக வேலை பேசிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். விலகிய பிறகு ஒருவர் தன் தொழிலைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனை, 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. எனவே அந்த 25,000 ரூபாய் மிரட்டலுக்காக இரவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வேலையில் இருக்கும்போதே அவர்களுடைய வாடிக்கையாளரை மறைவாகப் பிடிப்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். நேரடியாகப் போனால் மணிக்கு 80-க்குப் பதில் 150 கிடைக்கலாம், ஆனால் அப்போது ஒவ்வொரு வீட்டோடும் நீங்கள் தனித்தனியாக நிற்பீர்கள். தனி வீட்டு வேலைக்குச் சட்டத்தின் பிடி மிகவும் தளர்ந்தது, ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடும் கிடைக்காது. ஒரு வீட்டுக்காரர் கோடை முழுவதும் வெளிநாடு போய்விட்டால் அந்த மாதங்களுக்கு யாரையும் கேட்க முடியாது. உங்கள் மகள் கல்லூரியில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். பணம் ஒழுங்காக வர வேண்டிய காலம் இது என்பதையும் வைத்து முடிவெடுங்கள்.

கால் முறிந்த உங்கள் தோழி

கடிதத்தில் நான்கு வரிகளில் கடந்துபோன இதுதான் உண்மையில் அவசரமானது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு ஈ.எஸ்.ஐ. பொருந்தும், கூலி வரம்பு மாதம் 21,000 ரூபாய். உங்கள் மாதக் கூலியான 13,520 ரூபாய்க்கு நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், ஏறக்குறைய 440 ரூபாய். உங்கள் பங்கு 0.75 சதவீதம், நூறு ரூபாயைச் சற்றுத் தாண்டும். இந்தச் சிறு தொகையைக் கட்டாமல் விட்டதற்காக ஒரு பெண் தன் சிகிச்சைக்கு நகையை அடகு வைத்திருக்கிறார். வேலை தொடர்பான விபத்தில் தற்காலிகமாக முடங்கியவருக்குக் கூலியில் 90 சதவீத அளவுக்கு உதவித்தொகை உண்டு, அதற்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. நிறுவனம் பதிவு செய்யாமல் விட்டது தொழிலாளியின் குற்றமல்ல, ஈ.எஸ்.ஐ. நிறுவனம் விசாரித்துச் சந்தாவை முதலாளியிடமிருந்து வசூலிக்க முடியும்.

அவர் விழுந்தது இரண்டு வீடுகளுக்கு நடுவில். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தே, நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு தொடர்புடையவையாக இருந்தால், வேலையின்போது நேர்ந்ததாகக் கருதப்படும் என்று சட்டம் சொல்கிறது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் பணிக்குச் செல்லும் வழியில் 2003-இல் இறந்த வழக்கில், பழைய இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இதே பொருளைத் தந்து 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, ஒரு பணியிடத்திலிருந்து மறு பணியிடத்துக்குப் போனவரின் நிலை இன்னும் வலுவானது. அவருடைய மனுவை உங்கள் கூலி மனுவோடு கலக்காமல் தனியாக, இந்த வாரமே கொடுக்கச் சொல்லுங்கள். மருத்துவமனையின் வெளிநோயாளி சீட்டு, எக்ஸ்ரே, அன்று காலை குழுவில் அவர் பெயருக்கு எதிரே போட்டிருந்த வீடுகளின் பட்டியல், விழுந்ததும் அவர் சூப்பர்வைசருக்குப் பேசிய அழைப்பின் பதிவு ஆகிய நான்கும் போதும், தொடங்கலாம். அந்த மனுவில் அவர் ஊழியரே என்று முடிவானால், உங்கள் 14 பேரின் கூலி வழக்குக்கும் அது பெரிய துணையாகும்.

அந்தப் புதிய தாள்

கையெழுத்திடாமல் இருப்பது நல்லது. படித்துப் பார்க்க ஒரு நகல் வேண்டும், இரண்டு வாரம் அவகாசம் வேண்டும் என்று வாய்மொழியாகக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். போடாவிட்டால் நாளை முதல் வேலை இல்லை என்று சொல்லி, அன்றைய அடுப்பு எரிவதே அந்தக் கையெழுத்தைப் பொறுத்தது என்ற நிலை வந்தால், போட்டுவிடுங்கள். அதற்காக நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஊதியச் சட்டத்தொகுப்பின்படி வர வேண்டிய தொகையை விட்டுக்கொடுப்பதாக ஊழியர் எழுதித்தரும் எந்த ஒப்பந்தமும், அதன் 60-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியை உங்கள் கையாலேயே எழுதுங்கள், முன்தேதி போட்டால் மறுத்துவிடுங்கள், வெற்றுத்தாளில் ஒருபோதும் போடாதீர்கள், எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே, “வேலை போய்விடும் என்று சொன்னதால் கையெழுத்திட்டேன், அதில் உள்ள விவரங்களை ஏற்கவில்லை” என்று சூப்பர்வைசருக்கு ஒரு செய்தி அனுப்பி, அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த இரண்டு டிக் குறியோடு அதையும் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.